காகிதப் பூவும் குழந்தையின் கையும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வாய்க்காலையும் சாலையையும் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் காகிதப் பூவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிப்பதற்கு இடமுண்டு. ஆயினும் நம் ஊர் அங்கன்வாடியில் மூன்று வயதுக் குழந்தை காகிதத்தைக் கிழிப்பதும் பஞ்சாயத்து கவனிக்கவேண்டிய காரியமே என்பது எங்கள் கருத்து.

சில காலத்துக்கு முன் ஒரு மையத்திற்குச் சென்றிருந்தோம். சுவரெங்கும் காகித ரோஜாக்கள். ‘குழந்தைகள் செய்தவை’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். குழந்தைகளோ கைகட்டி அமர்ந்திருந்தனர். பார்வையிட வருகிறார்கள் என்று ஆசிரியை இரவெல்லாம் கண்விழித்துச் செய்த பூக்கள் அவை! அந்த அம்மையாரைக் குறை கூறோம். அழகான பூவைக் கண்டு மெச்சிவிட்டுப் போகும் நாமல்லவா அவரை அப்படிச் செய்ய வைத்தோம்?

மூன்று வயதில் குழந்தை கிழிக்கும், கசக்கி உருட்டும். நான்கில் திரிக்கும். ஐந்தில் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கப் பழகும். இவற்றிலெல்லாம் வேலை செய்பவை கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களுமே. நாற்று முடியைப் பிரித்து நடுகிறீர்களே, அதே விரல்கள். பென்சில் பிடிப்பவையும் அவைதாம். விரல் பலப்படுமுன் எழுதச் சொல்லி அதட்டுவது, நாற்று வேர்விடுமுன் கதிரைத் தேடுவது போலாகும்.

தாராபாய் மோடக் அம்மையார் 1945-இல் போர்டியிலும், 1957 முதல் கோஸ்பாட்டிலும் கிராமத்துக் குழந்தைகளுக்காகப் பணியாற்றினார். ஊரில் கிடைக்கும் பொருள்களையே குழந்தைகளின் கருவிகளாக்கினார். முற்றத்திலேயே பள்ளி நடத்தும் முறைக்கு அங்கன்வாடி என்றார். 1975-இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்களுக்கும் அப்பெயரே வாய்த்தது.

ஆகையால் கடைச்சரக்கைத் தேடி ஓடவேண்டியதில்லை. பழைய நாட்காட்டித் தாளும் பட்டக் காகிதமும் போதும். மலிவான வண்ணத்தாளை வாங்குமுன் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள்; சாயம் ஒட்டினால் வேண்டா. குழந்தை எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கையோ, அன்றன்று காய்ச்சிய மாவுப் பசையோ தக்கது. பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது நஞ்சு, குழந்தைகள் இருக்குமிடத்தில் அறவே கூடாது. காம்புக்குக் கம்பியும் ஈர்க்குச்சியும் ஆகா, கண்ணில் குத்தும். காகிதத்தையே திரித்துக்கொள்ளட்டும்.

எந்தப் பூவைச் செய்வது? நம் குழந்தைகள் வேலியில் காணும் பூவரசம்பூவிலிருந்து தொடங்கலாம். முதலில் பூவைக் கையில் கொடுத்து இதழ்களை எண்ணச் சொல்லவேண்டும். ஐந்து. நடுவில் கருஞ்சிவப்பு. செய்த பூ கோணலாயிருக்கும். ஒருவன் ஏழு இதழ் ஒட்டுவான். இருக்கட்டும், ஆசிரியை திருத்தவேண்டாம்.

பஞ்சாயத்தாரிடம் நாங்கள் கேட்பது இரண்டு. மாதம் ஒரு கட்டுக் காகிதத்திற்கு வழிசெய்யுங்கள். பூக்களைச் சுவரில் ஒட்டிய பின் வராமல், குழந்தைகள் செய்துகொண்டிருக்கும் வேளையில் வந்து சிறிது நேரம் தரையில் அமருங்கள். காலையில் மஞ்சளாயிருந்த பூவரசம்பூ மாலையில் சிவந்துவிட்டதே என்று ஒரு குழந்தை வேறு நிறத்தாள் கேட்கும். அப்போது எடுத்துக் கொடுக்க அலமாரியில் சிவப்புத்தாள் இருக்கவேண்டும்.