கிளச்சு எழுப்பும் ஒலி



தமிழும் வரலாறும் கற்ற பாடசாலை அதிபர் ஒருவர் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வருவது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எழுத்தொலிகள் எவ்வெவ்விடத்திற் பிறக்கின்றன என்று கூறும் பிறப்பியலை மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தவன் நான். ஆயினும், ஒரு பழைய வண்டியின் ஒலி எங்கே பிறக்கிறது என்பதை ஆராயாது தீர்ப்புக் கூறி, என் மைத்துனருக்கு நட்டம் விளைவித்தேன். அதுவே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

மைத்துனர் வன்னியில் நெல் விளைவிப்பவர். 1960களிற் செய்யப்பட்ட லாண்ட் றோவர் ஒன்று அவரிடம் உண்டு. 1948இல் முதன்முதல் வெளிவந்த இவ்வினத்து வண்டிகள், நான்கு சில்லுகளுக்கும் விசை செல்வதால், நம் நாட்டு மலைத் தோட்டங்களிலும் காட்டுப் பாதைகளிலும் நெடுங்காலம் உழைத்தவை. விதைநெல்லும் உரமும் வயலுக்குச் செல்வது அவ்வண்டியிலேதான். ஒருநாள், “அத்தான், கிளச்சை மிதித்தால் அரைக்கிற சத்தம் கேட்கிறது” என்றார். “கிளச்சை விலக்கும் பெயரிங் தேய்ந்துவிட்டது” என்று, வண்டியைப் பாராமலே, எங்கோ படித்ததை நம்பிச் சொல்லிவிட்டேன். திருத்துநரும் ஆம் என்றார்.

இவ்வண்டியிற் கிளச்சை அடைவது எளிதன்று. இருக்கைப் பெட்டியையும் தரைத் தகடுகளையும் கழற்றிக் கியர்ப்பெட்டியையே வெளியே எடுத்தல் வேண்டும். முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் விசையைப் பகிரும் இரண்டாம் பெட்டியும் அதனோடு ஒட்டியிருப்பதால் பாரம் மிகப் பெரிது. மகளின் சங்கிலியை அடைவு வைத்து மைத்துனர் கூலி கொடுத்தார். புதுப் பெயரிங் பூட்டி, யாவற்றையும் பொருத்தி, இயந்திரத்தை முடுக்கி, கிளச்சை மிதித்தால் பழைய ஒலி பழையபடியே கேட்டது! காலபோக விதைப்புத் தொடங்கிவிட்ட நேரம் அது.

பின்னர்தான் நான் ஆற அமர ஆராய்ந்தேன். எந்த நிலையில் எந்த உறுப்புச் சுழல்கிறது என்பதை அறிந்தாற் போதும். ஒலியின் இருப்பிடம் தானே புலப்படும். கியர் எதிலும் இடாமல், மிதியிற் கால் வையாமல் இயந்திரம் ஓடும்போது, கிளச்சுத் தகட்டின் வழியாகக் கியர்ப்பெட்டியின் முன் தண்டும் சுழல்கிறது. அப்போது கேட்கும் ஒலி, மிதியை முழுதும் அமுக்கியதும் அடங்குமாயின், குற்றம் பெரும்பாலும் அத்தண்டைத் தாங்கும் பெயரிங்கிலோ கியர்ப்பெட்டியின் உள்ளேயோ இருக்கும். மிதி தளர்வாகச் செல்லும் சிறு தூரம் முடிந்து காலுக்குச் சற்றே தடை தோன்றும் கணத்தில் ஒலி பிறக்குமாயின், விலக்கும் பெயரிங்கை ஐயுறலாம்.

மிதி நன்கு ஆழ்ந்த பின்னரே ஒலி பிறந்தால் அது வேறு. இயந்திரத் தண்டின் பின்முனையிற் சிறு வெண்கலப் புஷ் ஒன்று உண்டு. கியர்ப்பெட்டித் தண்டின் நுனி அதனுள்ளே தங்குகிறது. கிளச்சுப் பிடித்திருக்கும்வரை இரண்டும் ஒருங்கே சுழல்வதால் உராய்வில்லை. பிரிந்ததும் ஒன்று சுழல, மற்றது தயங்குகிறது. புஷ் தேய்ந்திருந்தால் அப்போது அலறும். இதனை உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. மிதியை அமுக்கியபடியே முதலாம் கியரை இட்டுப் பாருங்கள். கியரில் அகப்பட்ட தண்டு முற்றும் நின்றுவிடுவதால் புஷ்ஷின் ஒலி மிகும்; விலக்கும் பெயரிங்கின் ஒலியோ மாறாது. ஆனால் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைத்தடையை இழுத்து, வெளியான இடத்திற் செய்யுங்கள். அடைத்த கொட்டிலில் இயந்திரப் புகை உயிருக்கு ஆபத்து.

இரண்டாம் பெட்டி இருப்பதால் இவ்வண்டியில் இன்னொரு வசதியும் உண்டு. சிவப்புக் குமிழுடைய நெம்பை நடுவில் நிறுத்தினால், கியர்ப்பெட்டி சுழலும், சில்லுகள் சுழலா. கியரிட்டு மிதியை விட்டபின் அந்நிலையிலும் இரைச்சல் கேட்டால் குற்றம் பெட்டிகளுக்குள்ளே. வண்டி ஓடும்போது மட்டும் கேட்டால், கிளச்சின்மீது பழி போடாது, சுழல்தண்டுகளின் மூட்டுகளையும் அச்சுகளையும் பாருங்கள். புறப்படும்போது வண்டி நடுங்கினால், தகட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம்.

முதலாம் கியரை இட்டதும் மைத்துனரின் வண்டி முன்னிலும் உரக்க அலறியது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மீண்டும் கியர்ப்பெட்டி இறங்கியது. இம்முறை கூலியை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். தேய்ந்த புஷ்ஷை மாற்றினோம். பிரித்த கையோடு கிளச்சுத் தகட்டையும் பார்த்துக்கொண்டோம். ஒலி அடங்கிற்று. சங்கிலி மட்டும் அறுவடைக்குப் பின்னரே வீடு வந்தது. மைத்துனர் அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை.