நெடுநாள் மேல்வலி
(சித்தேரியில் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழில் ‘வலி’ என்னுஞ் சொல் வலிமையையுங் குறிக்கும், நோவையுங் குறிக்கும். இதனை வகுப்பிற் பல்லாண்டு கற்பித்து வந்த நாம், அவ்விரண்டும் ஓருடம்பிலேயே குடியிருத்தலை வீட்டிற் கண்டும் கருத்திற் கொண்டோமில்லை. விறகுச் சுமையும் சாமை மூட்டையும் தலையிற் கொண்டு சரிவேறி இறங்கிய தாய்மாருள், இடுப்பைப் பற்றாமல் எழுவோர் எத்தனை பேர்?

நம் அன்னையாரும் அவ்வாறே. இடுப்பு நோவு மூன்று திங்களைக் கடந்தது. மருத்துவர் நெடுநாள் நோவென்பது இதனையே. “அம்மா, இனி ஒரு வேலையுஞ் செய்ய வேண்டா, படுத்தேயிருங்கள்” என்று அன்பினாற் கட்டளையிட்டோம். ஓராண்டில் நோவு குறைந்ததில்லை. கால்கள் மெலிந்து, வாயிற்படி தாண்டவும் பிறர் தோள் வேண்டியதாயிற்று. கடையில் வாங்கிய வலி மாத்திரைகளையும் நாள்தோறும் நம் கையாலேயே கொடுத்தோம். வயிறு புண்ணாயிற்று. இவ்விரு பிழையும் நம்முடையனவே.

பின்னர் மருத்துவர் விளக்கினார்: முதுகெலும்பிற் பெருங்கேடில்லை; நெடுநாள் நோவில் நரம்புகள் கூர்மையுற்று, சிற்றசைவையும் ஆபத்தென்று மூளைக்கு முறையிடும்; நோவின் அளவே கேட்டின் அளவன்று. ஆகலின் முதல் வாரம் திண்ணைவரை நடை, அடுத்த வாரம் வேலிவரை. நோவு மிக்க நாளிலும் சிறிது நடத்தல் வேண்டும். தணிந்த நாளிலும் அளவு கடத்தலாகாது. பின்னதே அரிது. நம் பெண்டிர் நோவு தணிந்த அன்றே நான்கு நாள் வேலையை முடித்துவிட்டு மூன்று நாள் படுப்பர்! அன்னையார் இன்று இக்கூட்டத்திற்கு, வழியில் இருமுறை அமர்ந்தெழுந்து, நடந்தே வந்துள்ளார். நோவு முற்றும் நீங்கிற்றில்லை.

2020-இல் உலகில் ஏறத்தாழ 62 கோடி மக்கள் இடுப்பு நோவுற்றிருந்தனர் என்பது ஆய்வாளர் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட நெறிமுறையும் உடற்பயிற்சியையும் நோவைப்பற்றிய அறிவையுமே வேண்டுகின்றது. இடுப்புப் பட்டையையும் அபினி வகை மருந்துகளையும் வழக்கமாகக் கொள்ளலாகாதென்கின்றது. முடவாட்டுக்கால் கிழங்குச் சாற்றைப்பற்றி வினவுவீர்கள். சுவையானது, பருகுக, அதனை நம்பி நடையை விடற்க. காலில் உணர்வு மறையினும், சிறுநீர் அடங்காதொழியினும், காய்ச்சலோடு நோவு வரினும் அன்றே மருத்துவமனை செல்க.

நிற்க. நம்மவருட் சிலர் கீழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரருந்தி வாழ்கின்றனர். தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரிற் பலவிடத்தும் ஃபுளோரைடு மிகுதி. அது குழந்தைகளுக்குப் பல்லிற் கறையாய்த் தோன்றும். பல்லாண்டு அருந்தினாரது எலும்பிற் படிந்து முதுகையும் மூட்டையும் இறுக்கும். இந்நோயை 1937-இலேயே அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் மருத்துவர் கண்டெழுதினர். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் இக்கேட்டைத் தணித்தற்கே. காய்ச்சுதலாற் பயனில்லை, நீர் ஆவியாய்ப் போக, ஃபுளோரைடு எஞ்சிச் செறியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படின் அந்நீர் குடித்தற்காகாது. இவ்வகை நோவிற்கு நடை மட்டும் போதாது. நீரை மாற்றுதல் வேண்டும்.

ஆதலால் கீழ்நாட்டினின்று வருவோர், அடுத்த கூட்டத்திற்குத் தத்தம் கிணற்று நீரைத் தூய புட்டியிற் கொணர்ந்து, கிணறு இன்னதென எழுதி ஒட்டித் தருவீர்களாக. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் நாமே கொண்டுபோய்ச் சேர்ப்பிப்போம்.