எண்களுக்குள் நடந்து பார்க்கலாம்

(அரசுத் துறை அலுவலர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி தண்ணீர் திறக்கப்பட்டது. பொறியாளருக்கு இந்த எண் போதும். அடையாற்றங்கரையில் குடியிருக்கிறவருக்கு? ஒரு கனஅடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அப்படின்னா விநாடிக்கு சுமார் 8.2 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, ஒவ்வொரு விநாடியும் 68 வந்து கொட்டுற மாதிரி. இப்போ பயம் வருது இல்லையா? எண் மாறவில்லை, காட்டிய விதம்தான் மாறியது. தரவுக் காட்சிப்படுத்தல் என்பது அடிப்படையில் இதுதான்.

இதன் அடுத்த படி, தரவுக்கு உள்ளேயே போய் நிற்பது. 1992இல் சிகாகோவில் உள்ள இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'கேவ்' என்ற அறையை அறிமுகப்படுத்தினார்கள். சுவர்களிலும் தரையிலும் படம் விழும்; சிறப்புக் கண்ணாடி போட்டு உள்ளே நின்றால், காட்சி நம்மைச் சுற்றி இருக்கும். அன்றைக்கு ஒரு முழு அறை தேவைப்பட்டது. இன்றைக்குத் தலையில் மாட்டுகிற ஹெட்செட் போதும். சிங்கப்பூர் அரசு தன் நகரம் முழுவதற்கும் 'விர்ச்சுவல் சிங்கப்பூர்' என்ற முப்பரிமாண மாதிரியையே உருவாக்கியது.

நமக்கு இது எங்கே உதவும்? சென்னை தட்டையான ஊர். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்கும் அரை மீட்டர் மட்டம் வித்தியாசம் இருந்தாலே, ஒரு பக்கம் கணுக்கால் தண்ணி, இன்னொரு பக்கம் முழங்காலுக்கு மேல தண்ணி. காகித வரைபடத்தில் இது வெறும் நிற வேறுபாடு. மெய்நிகர் சூழலில் ஒருவர் தன் வீட்டு வாசலிலேயே நின்று, தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வரும்னு பார்க்கலாம். நிவாரண முகாமாக நாம் தேர்ந்தெடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியே மூழ்குமா என்பதையும் மழைக்கு முன்னாலேயே பார்த்துவிடலாம்.

ஆனா, எல்லாத்துக்கும் ஹெட்செட் வேண்டாம். எந்தத் தாலுகாவில் எத்தனை மனு நிலுவை என்று ஒப்பிட, சாதாரண அட்டவணையே நல்லது. முப்பரிமாணத்தில் தூரத்தில் இருக்கிற கம்பம் சின்னதாகத் தெரியும். ஒப்பீடு தப்பாகப் போகும்.

மூன்று விஷயங்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, மேடு பள்ளம் தெளிவாகத் தெரிய உயரத்தைக் கூட்டிக் காட்டுவது உண்டு. அப்படிச் செய்தால் அதைக் காட்சியிலேயே எழுதி வைக்கணும். இல்லைன்னா சின்னப் பள்ளம்கூடப் பாதாளமாகத் தெரியும்.

இரண்டாவது, கணிப்பு என்பது கணிப்புதான். கண் முன்னால் தண்ணீர் ஏறுவதைப் பார்க்கிறவர் அதை நடந்து முடிந்த உண்மையாகவே எடுத்துக்கொள்வார். அதனால் குறைந்தபட்ச மட்டம், அதிகபட்ச மட்டம் இரண்டையும் காட்ட வேண்டும்.

மூன்றாவது, கண் 'நகர்கிறோம்' என்று சொல்லும். உள்காது 'உட்கார்ந்திருக்கிறோம்' என்று சொல்லும். அந்த முரண்பாட்டில் சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும். உட்கார வைத்துச் சில நிமிடம் மட்டும் காட்டுங்கள். ஹெட்செட் போட முடியாதவர்களுக்கு அதே தகவல் சாதாரணத் திரையிலும் தாளிலும் கிடைக்கணும்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, இந்தக் காட்சியை வைத்துத்தான் நாளைக்கு ஒரு குடும்பத்திடம் "உங்க வீடு ஆபத்தான இடத்துல இருக்கு, மாறணும்" என்று சொல்லப் போகிறோம். அந்தக் குடும்பத்தின் வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது. மிரட்டுவதற்காகக் காட்சியைப் பயன்படுத்தக் கூடாது.

அதே குடும்பத்திடம் நமக்கு இல்லாத தரவும் இருக்கிறது. "2015ல இந்த ஜன்னல் வரைக்கும் வந்துச்சு சார்" என்று சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த உயரத்தை அளந்து மாதிரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது நம் மாதிரியைத்தான். ஆகவே ஹெட்செட்டை மாட்டிவிடும்போது, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.