ஒரு சைலன்சரைத் தேடி ஜி.பி. ரோடு டு புதுப்பேட்டை

போன எபிசோடு முடிவுல "அடுத்த வாரம் ஒரு ஓட்டை சைலன்சர் கதை சொல்றேன்"னு சொல்லியிருந்தேன். அதுதான் இது.

அப்பாவோட கார் ஃபோர்டு ஐகான். 2004 மாடல், டி.என். 07. மறைமலைநகர்ல செஞ்ச வண்டி, அதாவது நம்ம ஊர்ப் பிள்ளை. 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறதா அறிவிச்சாங்க. 2022ல அந்த ஃபேக்டரியிலேர்ந்து கடைசி கார் வெளியே வந்துச்சு. எங்க வீட்டு வண்டி மட்டும் அடையாறு சந்துல நின்னுக்கிட்டே இருக்கு.

2024ல அதுக்கு இருபது வயசு. சொந்தக் காருக்குப் பதினஞ்சு வருஷம் முடிஞ்சா ஆர்.டி.ஓ.வுல காட்டிப் பதிவைப் புதுப்பிக்கணும், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை. 2022 ஏப்ரல்லேர்ந்து அந்தக் கட்டணமும் 600 ரூபாயிலேர்ந்து 5000 ஆயிடுச்சு. தேதி நெருங்கற நேரத்துல பின்பக்க சைலன்சர் அடியில கையளவு ஓட்டை. ஸ்டார்ட் பண்ணா தெருவே திரும்பிப் பார்க்குது. அம்மா, "எடைக்குப் போட்டுடுங்க"ன்னுட்டாங்க. அப்பா பதிலே பேசல. அது நல்ல அறிகுறி இல்ல.

"வண்டி ஓடவே இல்லையே, எப்படித் துருப்பிடிச்சுது?"ன்னு மெக்கானிக் அண்ணன்கிட்ட கேட்டேன். "ஓடாததாலதான் தம்பி"ன்னார். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளியே வருது. தூரமா ஓட்டினா சைலன்சர் நல்லா சூடாகி அது போயிடும். அப்பா போறது அடையாறு டு மயிலாப்பூர், கோயில், காய்கறி, வீடு. சூடாகறதுக்குள்ள நிறுத்திடுவார். தண்ணி உள்ளேயே தங்கி உள்ளேர்ந்து அரிக்குது. வெளியே பெசன்ட் நகர் கடல் காத்து.

முதல்ல ஜி.பி. ரோடு, அதான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மூணு கடையில ஸ்டாக் இல்ல. நாலாவது கடைக்காரர், "பழசைக் கொண்டு வா தம்பி, பேரைச் சொன்னா எப்படி?"ன்னார். நியாயம்தான். பழைய சைலன்சரைக் கழட்டி ஆட்டோவுல வெச்சுக்கிட்டு நேரா புதுப்பேட்டை. செல்வராகவன் படத்தால பேர் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு: எழும்பூருக்கும் கூவத்துக்கும் நடுவுல இருக்கு, பழைய வண்டிகளைப் பிரிச்சு விக்கற இடம். அம்மா சொன்ன மாதிரி நடந்திருந்தா, எங்க காரும் ஏதோ ஒரு நாள் இங்கேதான் வந்திருக்கும்.

அங்கே ஒரு ஐகான் சைலன்சர் கிடைச்சுது. வெள்ளி பெயின்ட் அடிச்சுப் பளபளன்னு இருந்துச்சு. மெக்கானிக் சொல்லிக்கொடுத்தபடி சாவியால தட்டினேன். சில இடத்துல 'டங்'குன்னு, சில இடத்துல 'தொப்'புன்னு. குலுக்கினா உள்ளே தகடு உருளுது. வேண்டாம்னேன்.

அப்பதான் பக்கத்துல நின்ன ஒருத்தர் வந்தார். "சார், முன்னாடி இருக்கிற கேட்டை எனக்குக் குடுங்க. நேர் பைப் போட்டு, இந்தப் பின்பக்கத்தையும் ஃப்ரீயா செஞ்சு தர்றேன். கையிலயும் காசு தர்றேன்."

கேட்னா கேட்டலிடிக் கன்வர்ட்டர். சென்னை உட்பட நாலு பெருநகரங்கள்ல 1995 ஏப்ரல்லேர்ந்து புது பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாச்சு. உள்ளே தேன்கூடு மாதிரி கல், அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. 2021ல ரோடியம் தங்கத்தைவிடப் பல மடங்கு விலைக்குப் போச்சு. அந்தச் சமயத்துல குஜராத்துல ஈகோ வேன் சைலன்சர்களைக் குறிவெச்சுத் திருடின கும்பல்களைப் போலீஸ் பிடிச்சாங்க. எல்லாம் இந்தத் தூளுக்காகத்தான்.

உண்மையைச் சொல்றேன், ரெண்டு நிமிஷம் யோசிச்சேன். செலவே இல்லாம வேலை முடியும். ஆனா எங்க வண்டி பி.எஸ். 2. நின்னுக்கிட்டு ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பி.எஸ். விதிகளுக்கு முந்தின கார்களுக்கு 3 சதவீதம் வரைக்கும் விடறாங்க, எங்களுக்கு அந்தச் சலுகை இல்ல. தவிர, அந்தப் புகை போகப்போறது எங்க சந்துல விளையாடற பசங்க மூக்குக்குத்தான். "இல்லண்ணே, வேண்டாம்"னேன். அவர் கோவிச்சுக்கல, அடுத்த ஆளைப் பார்க்கப் போயிட்டார்.

திரும்ப ஜி.பி. ரோடு. பழசைப் பக்கத்துல வெச்சு அளந்து, லோக்கல் மேக் புது சைலன்சர் ஒண்ணு எடுத்தோம். பைப் ரெண்டு இஞ்ச் நீளம். மெக்கானிக் அதை வெட்டி, பழைய ஃபிளேஞ்சைக் கழட்டிப் புதுசுல வெல்டிங் வெச்சார். கேஸ்கட்டும் ஹேங்கர் ரப்பரும் புதுசு. (ரப்பரை விட்டுடாதீங்க. அது தொங்கினா வெல்டிங் சீக்கிரமே விட்டுடும்.)

புகை டெஸ்ட்ல பாஸ். ஆர்.டி.ஓ.விலும் அஞ்சு வருஷம் நீட்டிச்சாச்சு. அப்பா ஸ்டார்ட் பண்ணிக் காதைச் சாய்ச்சுக் கேட்டார். "பழைய சத்தம் இல்லடா"ன்னார்.

இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா ஈ.சி.ஆர்.ல மாமல்லபுரம் வரைக்கும் ஓட்டிட்டு வர்றார். கேட்டா, "சைலன்சர் காயணும்ல"ங்கறார். அம்மா இன்னும் நம்பல, ஆனா முன் சீட்டுல அவங்கதான் உட்கார்ந்து போறாங்க.