‘வந்தார்’, ‘வருவார்’: ஸ்பானியம் கற்போர்க்கு ஓர் இறந்தகாலச் சிக்கல்

அவையோர் நன்கறிந்த வழக்கொன்றிலிருந்து இப்பொருள் தொடங்குகிறது.

குந்தாரப்பள்ளி வாரச்சந்தையில் முதியவர் ஒருவர் தம் தந்தையாரைப் பற்றிப் பேசுவதாகக் கொள்க. “அந்தக் காலத்தில் அப்பா ஆடு ஓட்டிக்கொண்டு இந்தச் சந்தைக்கு வருவார்” என்கிறார். தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. இனி அவர் வரப்போவதில்லை. எனினும் வினையோ எதிர்கால வடிவில் நிற்கிறது. கேட்போர் எவரும் மயங்குவதில்லை. அவரே, “ஒருநாள் மழையில் நனைந்து வந்தார்” என்று தொடரும்போது வினை மாறிவிடுகிறது. முன்னது வழக்கம், பின்னது நிகழ்ச்சி.

அதே சந்தையில் தெலுங்கர் முன்னதை ‘வச்சேவாரு’ என்பர். பின்னதை ‘வச்சாரு’ என்பர். கன்னடர்க்கு அவை ‘பருத்தித்தரு’, ‘பந்தரு’. மும்மொழி வழங்கும் இவ்வெல்லைப் புறத்தார்க்கு, ஸ்பானிய மொழியின் ‘பெனீயா’, ‘பினோ’ என்னும் இருவகை இறந்தகாலம் புதுமையன்று. ‘பெனீயா’ என்பது வருவார், வந்துகொண்டிருந்தார் என்னும் இரண்டையும் தழுவும். ‘பினோ’ வந்து முடிந்ததைக் குறிக்கும். அவ்வகையில் ஸ்பானியத்துக்கு மிக அணித்தாய் நிற்பது கன்னட வடிவமே.

தமிழரே இடர்ப்படுகின்றனர். வடிவம் எதிர்காலமாய் இருப்பதால், அது தம்மிடம் உள்ள இறந்தகாலம் என்பதே அவர்க்குத் தோன்றுவதில்லை. தொல்காப்பியர்க்கு அது தோன்றியிருக்கிறது. இறப்பும் எதிர்வும் ஒன்றன் வடிவில் மற்றொன்று மயங்கி வரும் எனச் சொல்லதிகார வினையியலில் விதித்தார். முன்னொரு காலத்துச் சோலையில் விளையாடினாரை ‘விளையாடுவர்’ எனக் கூறுவதையே உரைகாரர் அதற்கு எடுத்துக்காட்டினர். பள்ளியில் இதனை வழுவமைதி என்று மனப்பாடம் செய்தவர், அயன்மொழி கற்கும்போது மறந்துவிடுவது வியப்பே.

இது வெறும் இலக்கண நுணுக்கமன்று. ஓசூர்த் தொழிற்கூடம் ஒன்றிலிருந்து பொறியாளர் ஒருவர் மெக்சிகோவுக்குப் பழுதறிக்கை எழுதுவதாகக் கொள்க. ‘செ பரோ’ என்றால் பொறி ஒருமுறை நின்றது. ‘செ பராபா’ என்றால் அவ்வப்போது நின்றுபோகும். முன்னதற்கு ஒரு நாள் மின்தடை காரணமாகலாம். பின்னதற்குப் பொறியையே பிரித்துப் பார்க்க வேண்டும். வினையின் ஈறு மாறினால் தேடும் குறையே மாறும்.

அறிதல் பற்றிய வினைகளில் தமிழ் இன்னும் அழகாக வழிகாட்டுகிறது. “செய்தி எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது” என்பதற்குச் ‘சூப்பே’. “எனக்கு அப்போதே தெரியும்” என்பதற்குச் ‘சபீயா’. அறியத் தொடங்கிய கணம் ஒன்று, அறிந்திருந்த நிலை மற்றொன்று. மறுத்துரைக்கும்போது ‘நோ கீசோ’ என்றால் இணங்க மறுத்துவிட்டார். ‘நோ கெரீயா’ என்றால் விருப்பமில்லாதிருந்தார், ஆயினும் ஒருவேளை செய்துமிருப்பார். ஒருவர் மறுத்தார் என்று சாட்சி சொல்வதும் மனமின்றி இருந்தார் என்று சொல்வதும் ஒன்றாகுமா?

நெடுங்காலம் நிகழ்ந்தது எல்லாம் ‘பெனீயா’ வகை என்று கருதுவது கற்போரிடைப் பரவலான பிழை. “இருபது ஆண்டுகள் ஓசூரில் வாழ்ந்தார்” என்பதற்கு ‘பிபியோ’ என்றே வரும். ஆண்டுகளை எண்ணி வேலி கட்டியபின் அது முடிந்த ஒன்று. இங்கு ‘வாழ்வார்’ என்றால் தமிழிலும் அது எதிர்காலமாகிவிடும். ஆகவே ஐயம் எழுமிடத்து வாக்கியத்தைத் தமிழில் ‘வருவார்’ வடிவில் சொல்லிப் பார்க்கலாம். இறந்தகாலப் பொருள் கெடாது நின்றால் ‘பெனீயா’ வகையைத் துணிந்து எழுதலாம்.

ஆயினும் இவ்வுரைகல் எங்கும் பயன்படாது. வெனிசுவேலாவிற் பிறந்து சிலி நாட்டிற் பணியாற்றிய ஆந்திரேசு பெய்யோ, 1847-இல் வெளியிட்ட தம் இலக்கணத்தில், ‘பெனீயா’ வகைக்கு ‘உடனிகழ் இறந்தகாலம்’ எனப் பொருள்படப் பெயரிட்டார். மற்றொரு நிகழ்ச்சிக்குத் துணையாய் உடன் ஓடுவது என்பது கருத்து. மெக்சிகோப் பள்ளிகளில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. “அப்பா சந்தைக்குள் நுழைந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது” என்பதைப் ‘பெய்யும்’ என மாற்றினால் அந்த ஒரு நாள் பல நாட்களாகிவிடும். தமிழ்ச் சோதனை இங்கே தவறும், பெய்யோவின் பெயரே கைகொடுக்கும். நுழைந்தது முடிந்தது, மழை அப்போது முடியவில்லை. ஸ்பானியத்தில் அதனை ‘யோபீயா’ என்றே எழுத வேண்டும்.