வாடகைக்காரர்களின் நகரம்

(‘பழைய நகரில் குடியேறலாமா?’ என்ற தலைப்பில் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னர் பேசிய நண்பர் ஒரு கேள்வி எழுப்பினார். ஜார்ஜ்டவுனின் பழைய வீதிகளில் வாடகை கொடுத்துக் குடியிருப்பதைவிட, கொஞ்சம் தள்ளிப் போய் ஓர் அடுக்குமாடி வீட்டைச் சொந்தமாக வாங்கிக் கொள்வதுதானே புத்திசாலித்தனம் என்று கேட்டார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் விடுபட்டுப் போன ஒன்று உண்டு. பினாங்கின் பழைய நகரம் என்று நாம் எதைக் கொண்டாடுகிறோமோ, அதைப் பெரும்பாலும் உருவாக்கியவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்தான். சொந்த வீட்டுக்காரர்கள் கட்டடத்தைக் கட்டினார்கள். அதற்குள் ஊரை வைத்தவர்கள் வாடகைக்காரர்கள்.

1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கு வந்து இறங்கிய காலத்திலிருந்தே நம்மவர்கள் இருக்கிறார்கள். நாகூர், காரைக்கால் பக்கமிருந்து கப்பலேறி வந்த மரைக்காயர்கள், சூலியா வணிகர்கள், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், துணி வெளுத்தவர்கள், பின்னர் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் என்று எத்தனை வகையினர்! இவர்களில் எத்தனை பேருக்குச் சொந்த மனை இருந்தது? பினாங்கு வீதியின் கிட்டங்கிகளை எண்ணிப் பாருங்கள். ஒரே நீண்ட கட்டடம். அதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு சிறு இடம், ஒரு பெட்டி, ஒரு பாய். பகலில் அங்கேதான் வட்டிக் கணக்கு, இரவில் அங்கேதான் படுக்கை. இன்றைக்குப் பட்டணத்துப் பிள்ளைகள் அறையைப் பகிர்ந்து கொண்டு வாடகையைப் பங்கு போடுகிறார்களே, அதை நம் ஆட்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்!

அப்படி ஒண்டிக் குடித்தனம் இருந்தவர்கள் வாழ்ந்த இடத்தில்தான் 1801-இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. 1833-இல் குயின் வீதியில் மகாமாரியம்மன் கோயில் எழுந்தது. 1857-இல் தண்ணீர்மலைப் பக்கம் நகரத்தார் கோயில் வந்தது. இன்றும் தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறது.

சட்டம் காத்தது, சட்டம் கைவிட்டது

இனி, நம்மில் பலர் மறந்துவிட்ட ஒரு செய்திக்கு வருகிறேன். பழைய நகரம் இத்தனை காலம் பழைய நகரமாகவே இருந்ததற்கு ஒரு சட்டம் காரணம். 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு வீட்டுக்காரர் இஷ்டப்படி வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரை இஷ்டப்படி வெளியேற்றவும் முடியாது. பினாங்கில் மட்டும் 12,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் இதன் கீழ் இருந்தன. நாட்டிலேயே அதிகம் இங்குதான்.

இந்தச் சட்டத்தால் நன்மை மட்டுமே விளைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. மாதம் சில பத்து வெள்ளி வாடகை வாங்கிக் கொண்டு, ஒழுகும் கூரைக்கு எப்படி ஓடு மாற்றுவார்கள்? ஆகவே அவர்கள் மாற்றவில்லை, வீடுகள் சிதைந்தன. இன்னொரு கூத்தும் நடந்தது. முதன்மை வாடகைக்காரர் ஒருவர் குறைந்த வாடகைக்கு முழு வீட்டையும் வைத்துக் கொண்டு, அதைத் தடுத்துத் தடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்த்தார். ஏழையைக் காக்க வந்த சட்டம் சில இடங்களில் இடைத்தரகருக்கு வாழ்வளித்தது.

1997-இல் இந்தச் சட்டத்தை ரத்து செய்யும் சட்டம் வந்தது. 1999 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது, தாத்தா காலத்திலிருந்து ஒரே வீட்டில் இருந்தவர்களின் கையில் புதிய வாடகைக் கடிதம். ஒரே எட்டில் பல மடங்கு உயர்வு. கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள். முடியாதவர்கள் சட்டி பெட்டியைத் தூக்கிக் கொண்டு நகருக்கு வெளியே போனார்கள். ‘சேவ் அவர்செல்வ்ஸ்’, அதாவது நம்மை நாமே காப்போம் என்ற பெயரில் குடியிருந்தவர்கள் ஒன்று திரண்டு குரல் கொடுத்தார்கள். அதே 2000-ஆம் ஆண்டில், உலகில் ஆபத்துக்குள்ளான பாரம்பரிய இடங்களின் கண்காணிப்புப் பட்டியலில் ஜார்ஜ்டவுனைச் சேர்த்தது உலக நினைவுச்சின்ன நிதியம். காலியான சில வீடுகளில் யார் குடியேறினார்கள் தெரியுமா? பறவைகள்! கூட்டுக்காக உழவாரக் குருவிகளை வளர்க்க ஜன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை ஓடவிட்டார்கள். மனிதன் கொடுக்கும் வாடகையைவிடக் குருவியின் எச்சில் விலை அதிகம் என்றாகிவிட்ட காலம் அது.

2008 ஜூலை 7-இல் யுனெஸ்கோ, மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமக்கெல்லாம் பெருமை. மையப்பகுதி 109 ஹெக்டர், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டர். மையப்பகுதியில் 18 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்று உயரத்துக்கு வரம்பு வந்தது. 2011-இல் மாநிலப் பாரம்பரியச் சட்டமும் வந்தது. சுவருக்குப் பாதுகாப்பு, ஓட்டுக்குப் பாதுகாப்பு, ஐந்தடி நடைபாதைக்குப் பாதுகாப்பு. வாடகைக்காரருக்கு? ஒன்றுமில்லை. யுனெஸ்கோ சொன்ன காரணங்களில் ஒன்று, இங்கு பல இனப் பண்பாடு இன்றும் உயிரோடு வாழ்கிறது என்பது. அந்த உயிரோ, மாதா மாதம் வாடகை கட்டிக் கொண்டிருந்தவர்களிடம் இருந்தது. 2009-இல் இந்தப் பாரம்பரியப் பகுதியில் குடியிருந்தவர்கள் 10,000-க்குச் சற்று மேல். 2013-இல் எடுத்த கணக்கில் அது 9,500-க்கும் கீழே இறங்கிவிட்டது. 2012-இல் ஆர்மீனியன் வீதிச் சுவரில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் ஓவியம் வந்த பிறகு, படம் எடுக்க வருகிறவர்களின் கூட்டம் என்ன, காப்பிக் கடைகள் என்ன, தங்கும் விடுதிகள் என்ன! சுவரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் விளையாடும் பிள்ளைகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வாய்ப்பேச்சு போதாது

அப்படியானால் அங்கே குடியேற வேண்டாமா என்று கேட்பீர்கள். குடியேறுங்கள் என்றுதான் நான் சொல்கிறேன். பயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு 1972-இலிருந்தே நம் பிள்ளைகள் பேராக்கிலிருந்தும் கெடாவிலிருந்தும் வந்து கொண்டுதான் இருக்கிறார்கள். இனி வருகிறவர்களில் பத்துக் குடும்பம் மார்க்கெட் வீதிப் பக்கம் மாடியில் குடியிருந்தால் அந்தத் தெரு இரவிலும் விழித்திருக்கும். ஆனால் நம் முன்னோர் செய்ததுபோல வாய்ப்பேச்சை நம்பிப் போகாதீர்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போன பிறகு, உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே இருப்பது ஒப்பந்தம் ஒன்றுதான்.

முதலில் பணம். இங்குள்ள வழக்கம், இரண்டு மாத வாடகை பிணைப்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டியே. வாடகை 1,200 வெள்ளி என்றால் சாவி கைக்கு வருமுன் 4,200 வெள்ளி வேண்டும். இதைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை, வழக்கம்தான். ஆகவே பேரம் பேசலாம். ரசீது இல்லாமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். சாவி வாங்கும் நாளிலேயே சுவர், தரை, குழாய், மின்கம்பி எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதியோடு வீட்டுக்காரருக்கும் அனுப்பி வையுங்கள். பிணைப்பணச் சண்டைகள் பெரும்பாலும் ‘இந்த விரிசல் முன்னமே இருந்ததா?’ என்ற ஒரு கேள்வியில்தான் முட்டிக் கொண்டு நிற்கின்றன. முன்பு இருந்தவர் வைத்துவிட்டுப் போன தண்ணீர், மின்சார பாக்கி இருக்கிறதா என்பதையும் கேட்டுக் கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்ட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. இந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறேன் என்று போகிறவர்கள் பலர். பிறகு பிணைப்பணமே போகும். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் நில அலுவலகத்தில் பதிய வேண்டும்.

இன்னொன்றையும் எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டும். வாடகை பாக்கியே இருந்தாலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வீட்டுக்காரர் உங்களை வெளியேற்ற முடியாது. 1950-ஆம் ஆண்டு ‘ஸ்பெசிபிக் ரிலீப்’ சட்டத்தின் 7-ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. பூட்டை மாற்றுவது, தண்ணீரை நிறுத்துவது எல்லாம் மிரட்டல்கள். அதற்காக அந்தப் பிரிவைக் காட்டி வாடகை கட்டாமல் உட்கார்ந்துவிடவும் கூடாது. காலம் முடிந்த பின்னும் காலி செய்யாதவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டம் இடம் தருகிறது. சிறு தொகைத் தகராறை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்காகப் பதியலாம். வழி தெரியாதவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம்.

சென்னையிலும் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, 1960-ஆம் ஆண்டுச் சட்டம். அதை எடுத்தவர்கள் வெறுமனே எடுத்துவிட்டுப் போகவில்லை. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று விதித்தார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறதென்று நான் சான்று தரவில்லை. ஆனால் ஒன்றை எடுக்கும்போது இன்னொன்றை வைத்தார்கள். நமக்கோ, வாடகைக் குடியிருப்புக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்பது பல ஆண்டுகளாகப் பேச்சிலேயே இருந்து வந்திருக்கிறது.

அந்தச் சட்டத்தை நாம் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘இன்ன இனத்தார் மட்டும்’ என்று வாடகை விளம்பரங்களில் எழுதுவதை நம்மில் யார் பார்க்கவில்லை? தொலைபேசியில் பேசும்போது வீடு இருக்கும். பெயரைச் சொன்னதும் வீடு ‘போய்விடும்’. அரசியலமைப்புச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறதே என்றால், அது அரசைக் கட்டுப்படுத்துமே தவிரத் தனியாரை அல்ல என்று 2005-இல் ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதில் நம் பக்கமும் ஒரு வார்த்தை. வீடு வைத்திருக்கும் நம்மவர்கள், வங்காளதேசத்துத் தொழிலாளி வந்து கேட்டால் என்ன பதில் சொல்கிறோம்?

கோயில் மணியும் பாங்கும்

சத்தம் தாங்க முடியாது என்றார் இன்னொரு நண்பர். உண்மை. விடியலில் பாங்கு, காலையில் கோயில் மணி, பகலெல்லாம் லிட்டில் இந்தியாவின் பாட்டுக் கடைகள், சீனர் கோயிலின் ஊதுபத்திப் புகை. தைப்பூசத்துக்குத் தெரு அடைத்துவிடுவார்கள், காரை எடுக்க முடியாது. இவற்றோடு இருக்க முடியாதவர்கள் தயவுசெய்து அங்கே போக வேண்டாம். குடியேறிய பிறகு புகார் எழுதாதீர்கள். அவை உங்களுக்கு முன்னே வந்தவை.

வீடு பார்க்கப் போகிறவர்கள் வெயில் நேரத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக்கூடாது. வெள்ளிக்கிழமை பகலில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை, பெரிய மழை ஓய்ந்ததும் ஒருமுறை போங்கள். கடைவீட்டின் நடுவே திறந்த முற்றம் இருக்கும்; அங்கே மழைத்தண்ணீர் எப்படி வடிகிறது என்று பாருங்கள். பழைய சுவர் சுண்ணாம்புச் சுவர், மூச்சு விடும் சுவர். அதன்மேல் சிமெண்டைப் பூசி மினுக்கியிருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிப் பெயர்ந்து கொண்டே இருக்கும். மரப்படிகளிலும் உத்தரத்திலும் கரையான் இருக்கிறதா பாருங்கள். கூரை ஒழுகினால் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுத வையுங்கள். பாரம்பரியப் பகுதியில் சுவரை இடிக்கவோ முகப்பை மாற்றவோ மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பதால், அந்த ஒரு வரி மற்ற இடங்களைவிட இங்கே கூடுதலாக உதவும்.

கடைசியாக, சொத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பழைய நகரில் ஏராளமான வீடுகள் தனியார் கையில் இல்லை. கோயில்கள், சீனர் கொங்சிகள், வக்பு நிலங்கள் என்று பொதுச் சொத்தாக இருக்கின்றன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் வக்பு நிலம் இரு நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. தனியார் லாபம் பார்ப்பார்கள், அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் தர்மத்துக்கு விட்ட சொத்தை நிர்வகிப்பவர்கள், இரண்டு வீட்டில் ஒன்றையாவது விடுதிக்குக் கொடுக்காமல், குடும்பங்களுக்கு ஐந்தாண்டுக் குத்தகையாகப் பதிந்து கொடுக்கலாம் அல்லவா? வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம். பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கும் ஒரு தகப்பனுக்கு, அடுத்த ஆண்டும் அங்கேயே இருப்போம் என்று தெரிந்தாக வேண்டும். நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இருப்பவர்கள் யாராவது இதைப் பார்த்துக் கொண்டிருந்தால், அடுத்த கூட்டத்திலேயே இதை எழுப்புங்கள்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார்.