நேர்மையாளனுக்கு யார் செலவழிப்பது?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



மாகாண சபைக்கு நேர்மையுள்ள ஒருவரை அனுப்புவது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். நேர்மையுள்ளவர் வேண்டுமா, வேண்டாமா என்பது பற்றி இங்கே வாதமில்லை. திருடனே எமக்கு வேண்டும் என்று மேடையேறிச் சொன்னவர் எவரையும் இத்தீவு இதுவரை கண்டதில்லை. அவ்வாறிருந்தும், நல்லவர் என்று ஊரே புகழும் மனிதர் வாக்கெண்ணும் இரவில் பின்தங்கிவிடுகின்றார். "காலம் கெட்டுவிட்டது" என்று பெருமூச்செறிந்து ஊரும் கலைந்துவிடுகின்றது. காலத்தின்மேற் பழிபோடுவதை விடுத்து, அந்தத் தோல்வி எவ்வாறு நேருகின்றது என்பதைப் பார்ப்போம்.

"தேர்தலையே காணோம், வேட்பாளரைப் பற்றி என்ன பேச்சு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. வட மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21ஆம் நாள். அச்சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலே பாராளுமன்றம் தேர்தல் முறையை மாற்றிச் சட்டமியற்றியிருந்தது. புதிய முறைக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் அதே பாராளுமன்றத்தின்முன் வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குத்தானும் விழவில்லை. பழைய முறையும் போயிற்று. புதிய முறையும் பிறக்கவில்லை. சபையற்ற மாகாணத்தை ஆளுநரும் அதிகாரிகளும் நடத்தலாயினர். வாக்காளனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவருமில்லாத நிருவாகம் ஊழலுக்கு எத்துணை வாய்ப்பான நிலம் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனவே, தேர்தலை வற்புறுத்திக் கேட்பதோடு, அதற்குரிய ஆளையும் முற்கூட்டியே தேடி வைத்தல் வேண்டும். வேட்புமனு நாள் குறித்தபின் தேடப் புகுந்தால் அகப்படுபவர் பணப்பையுள்ளவரே.

சிலர் மாகாண சபையை அற்பமாகப் பேசுவர். அதன் அதிகாரம் போதாது என்பது உண்மை. ஆயினும், 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் அதற்குக் கொடுத்தவற்றுள் விவசாயம் இருக்கின்றது. மாகாணத்துக்குள் அடங்கிய நீர்ப்பாசனம் இருக்கின்றது. பள்ளிக்கூடங்களிற் பெரும்பாலானவையும் வைத்தியசாலைகளிற் பலவும் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. பெரிய நெடுஞ்சாலை கொழும்பினுடையது. வெங்காய மூடையும் புகையிலைச் சிப்பமும் அந்த நெடுஞ்சாலையை வந்தடையும் வீதிகளிற் பல மாகாணத்தினுடையவை. ஊழல் நுழையும் வாசலும் அங்கேதான். மதிப்பீட்டில் எழுதிய சீமெந்து மதகிற் சேராவிட்டால், அடுத்த மாரியில் மதகு உடைவதோடு அதன் கீழுள்ள வயலின் காலபோகமும் போய்விடும். கொந்தராத்துக்காரருக்குப் பணம் கிடைத்துவிட்டது. கமக்காரனுக்கு என்ன கிடைத்தது?

இனி, நல்லவர் தோற்கும் வழியைப் பார்ப்போம். 2013இல் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 16 ஆசனங்கள். ஆசனத் தொகைக்கு மேல் மூவரைச் சேர்த்து, ஓர் அணி 19 பேரை நிறுத்தியது. வாக்காளர் அணிக்கு ஒரு புள்ளடியிட்டபின், அவ்வணியில் மூவர்வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். அணிக்கு எத்தனை ஆசனம் என்பதை அணியின் வாக்குத் தீர்மானிக்கும். அந்த ஆசனத்தில் அமர்பவர் யார் என்பதை விருப்பு வாக்குத் தீர்மானிக்கும். ஆகவே வேட்பாளருக்கு எதிரணியோடு ஒரு போர். தம்மோடு ஒரே மேடையில் நிற்கும் 18 பேரோடு இன்னொரு போர். இந்த இரண்டாவது போரிலேதான் நல்லவர் வீழ்கின்றார். கொள்கை எல்லோர்க்கும் ஒன்று, சின்னம் ஒன்று. வேறுபாடு காட்ட எஞ்சியிருப்பவை சுவரொட்டியும் வாகனமும் விருந்துமே! நெடுந்தீவிலிருந்து வடமராட்சி கிழக்குவரை தமது இலக்கத்தை அறியச் செய்ய வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஓய்வூதியம் அதற்கு எத்தனை நாள் தாங்கும்?

அந்த வேளையிலேதான் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வருவார். "ஐயா, உங்களைப் போன்றவர்கள் வரவேண்டும். வாகனமும் அச்சுக்கூலியும் என் பொறுப்பு" என்பார். வேறொன்றும் கேட்கமாட்டார். அவர் தந்தது நன்கொடையன்று, கொந்தராத்துக்கு முற்பணம் என்பது கேள்விப்பத்திரம் திறக்கும் நாளில் விளங்கும். அன்று மறுத்துப் பேச அந்த நல்லவருக்கு நா எழாது. நல்லவராகச் சென்று கடன்காரராகத் திரும்பியவர்களை எல்லா ஊர்களிலும் காணலாம்.

நேர்மையாளரின் தேர்தற் செலவை ஊர் ஏற்கவேண்டும் என்கிறோம். வாக்களிப்பேன் என்பது போதாது. ஆயிரம் குடும்பங்கள் குடும்பத்துக்கு 500 ரூபா கொடுத்தால் 5 இலட்சம் ரூபா. கோயில் திருவிழாவுக்கும் பள்ளிக்கூட மண்டபத்துக்கும் இதனிலும் பன்மடங்கு கொடுத்த ஊர்களல்லவா நம்முடையவை? 2023ஆம் ஆண்டின் தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டமும் நமக்குத் துணையாக வந்துள்ளது. செலவுக்கு உச்ச எல்லை உண்டு. பெற்ற நன்கொடையையும் செய்த செலவையும் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் வேட்பாளர் காட்டுதல் வேண்டும். சட்டம் ஏட்டிலிருந்து இறங்குமா என்று சிலர் சிரிக்கின்றனர். ஒருவராவது தம் கணக்கை 21ஆம் நாள்வரை காத்திராமல் வாரந்தோறும் வாசிகசாலைச் சுவரில் ஒட்டட்டும், அடுத்த வேட்பாளரிடம், "உமது கணக்கு எங்கே?" என்று வாக்காளரே கேட்பர்.

வாக்கைப் பற்றியும் ஒரு சொல். விருப்பு வாக்குகளில் முதலாவது, இரண்டாவது என்ற தரமில்லை. மூன்றும் ஒரே எடை. ஒன்றை நேர்மையாளருக்கு அளித்து, மற்றை இரண்டையும் உறவுக்கும் ஊருக்குமாக அதே அணியிலுள்ள வேறிருவருக்கு அளிப்பவர், தாம் ஆதரித்தவருக்கு எதிராக இருவரைத் தூக்கி விடுகின்றார். மூன்றையும் இட்டே தீரவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஏனைய இரண்டுக்கும் தகுதியானவர் இல்லையெனின் விட்டுவிடலாம். புதிய முறையின்கீழ்த் தேர்தல் நடந்தால் இக்கணக்கு மாறும். பணத்தின் சூது மாறாது.

நேர்மையுள்ளவரை எப்படி அறிவது? மேடைப் பேச்சால் அறிய முடியாது. அவர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தால் அதன் கணக்கைப் பாருங்கள். கோயில் தருமகர்த்தாவாக இருந்தால் தேர்த்திருப்பணிக் கணக்கை எப்போது வெளியிட்டார் என்று கேளுங்கள். ஊர்ப்பணத்தை ஒருமுறையேனும் கையாண்டு, கேட்குமுன் கணக்குக் காட்டியவரே நமக்கு வேண்டியவர்.

இதுவரை சொன்னவை எளியவை. இனிச் சொல்வது நமக்கே கசப்பானது. நேர்மையுள்ளவர் வென்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறுவாரமே அவர் வீட்டு விறாந்தையில் நிற்பவர் யார்? படித்த உத்தியோகத்தர் நிற்பார்: "மகள் துணுக்காயிலே படிப்பிக்கிறாள், யாழ்ப்பாணத்துக்கு ஒரு மாற்றம் எடுத்துத் தாருங்கள்." அவரை அடுத்துக் கமக்காரர் நிற்பார்: "தம்பி தகுதிப் பட்டியலில் இல்லை, எப்படியாவது ஒரு சிற்றூழியர் வேலை." இவற்றை இலஞ்சம் என்று எவரும் எண்ணுவதில்லை, பணம் கைமாறவில்லையே! ஆனால் அந்த ஆசிரியை வரிசையை மீறி வந்தால், துணுக்காய்ப் பிள்ளைக்குக் கணக்குப் படிப்பிக்க யார் இருக்கிறார்? அந்தப் பிள்ளையின் தகப்பனும் கமக்காரன்தான். அவனும் அதே அணிக்குத்தான் புள்ளடியிட்டான். நேர்மையுள்ளவர் முடியாது என்று சொல்லுவார். அப்படிச் சொன்ன நாளில், "இவரால் ஒரு பயனுமில்லை" என்று சந்தையிற் பேசாதிருக்க நம்மால் இயலுமா? இயலாதெனின், அவரை நிறுத்தும் வேலையைத் தொடங்காமலிருப்பதே அவருக்குச் செய்யும் உதவி.

வென்றபின் தனியே விடுவதும் தீது. மாகாண அமைச்சரவை என்பது முதலமைச்சரும் மற்று நால்வருமே. ஐவருக்குள் ஊழற் குற்றச்சாட்டு எழுந்தால் என்ன ஆகும் என்பதை 2017இல் வட மாகாணம் கண்டது. அமைச்சர்மீது விசாரணைக் குழு அமைந்தது. அறிக்கை வந்தது. அதனைத் தொடர்ந்து சபை இரண்டுபட்டு, அந்த ஜூன் மாதம் முதலமைச்சருக்கெதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை ஆளுநர் கைக்குச் சென்று, பின்னர் மீளப்பெறப்பட்டது. யார் பக்கம் யார் என்பதே தெருவெல்லாம் பேச்சாயிற்று. எந்தக் கொடுக்கல் வாங்கலில் என்ன பிழை என்ற கேள்வி அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்துவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அது நீதியன்று, குற்றம் சாட்டியவருக்கும் நீதியன்று.

கணக்கைக் கேட்க இன்று வழியுண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாளுக்குள் தீர்மானித்தல் வேண்டும். அதன் 9ஆம் பிரிவைப் பலர் அறியார். 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டுப் பண வேலை எதுவாயினும், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் விபரத்தை மக்கள் அறியத் தருதல் வேண்டும் என்கிறது அது. வாய்க்கால் திருத்த வேலை வருகிறதா? மதிப்பீட்டை முன்னரே கேட்டு வாங்குங்கள். இங்கே பொறியியலாளர் இருக்கிறீர்கள், கணக்காளர் இருக்கிறீர்கள், சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள். அம்மதிப்பீட்டைக் கமக்காரரோடு வயல்வரம்பில் நின்று வாசித்துக் காட்டுவது உங்கள் வேலை. எத்தனை மூடை சீமெந்து இறங்கியது என்று எண்ணுவது கமக்காரரின் வேலை.

இன்று இங்கே பணம் சேர்க்கப் போவதில்லை. ஆளே தெரிவாகாதபோது பணம் சேர்ப்பது முறையன்று. ஒவ்வோர் ஊரிலிருந்தும் இருவர் பெயர் வேண்டும்: ஒருவர் கமக்காரர், ஒருவர் உத்தியோகத்தர். அவர்கள் காலபோக அறுவடை முடிந்தபின் கூடி, ஆளைப் பற்றிப் பேசுவர். நன்கொடைக்கு ஒரு குடும்பம் இவ்வளவுக்கு மேற் கொடுக்கலாகாது என்ற உச்ச எல்லையையும் அவர்களே வகுக்கட்டும். கொந்தராத்து எடுப்பவரிடமும் எடுக்க எண்ணியிருப்பவரிடமும் ஒரு சதமும் வாங்கலாகாது என்பதை மட்டும் இன்றே தீர்மானமாக நிறைவேற்றிவிடுவோம். கணக்கெழுத இளைஞர் இருவர் தேவை. விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் மேசையருகே வந்து பெயர் தருக.